ஸ்கேன் சொல்லாததை ஸ்லைடு சொன்னது: மூளையைப் படிக்க எம்ஆர்ஐ மட்டும் ஏன் போதாது?

1953 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு. எந்த மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை. வேலைக்குக்கூட போக முடியாத நிலை. வலிப்பு கிளம்பும் இடத்தையே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்த அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஸ்கோவில், காதுக்கு உள்பக்கமாக இருக்கும் டெம்போரல் லோப்பின் உட்பகுதியை இரண்டு பக்கமும் அகற்றினார். ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போனது.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால், அதன் பிறகு புதிதாக எதுவுமே ஹென்றியின் நினைவில் தங்கவில்லை. இப்போது சிரித்துப் பேசிவிட்டு வெளியே போனவர் சில நிமிடங்களில் திரும்பி வந்தால், ஹென்றிக்கு அவர் புது ஆள். பழைய ஞாபகங்கள் பல இருந்தன. பேச்சு, புத்திக்கூர்மை, குணம் எல்லாம் அப்படியே இருந்தன. இந்த நிலையில் அவர் மேலும் 55 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் வெறும் 'எச்.எம்.' நினைவாற்றல் பற்றி இன்று பாடப் புத்தகங்களில் இருப்பதில் கணிசமான பகுதி இந்த ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

அப்படியென்றால் ஒரு அடிப்படைக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அவர் மூளையில் சரியாக எவ்வளவு எடுக்கப்பட்டது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் காலத்துக்குக் காலம் மாறியது. ஏன் மாறியது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது.

ஒரே மூளை, மூன்று பதில்கள்

முதல் பதில், ஆபரேஷன் செய்த டாக்டருடையது. சுமார் 8 செ.மீ. ஆழத்துக்கு எடுத்ததாக ஸ்கோவில் மதிப்பிட்டிருந்தார். அப்போது எம்ஆர்ஐ கிடையாது; அதனால் பல ஆண்டுகளுக்கு அந்தக் கணக்குதான் கணக்கு.

இரண்டாவது பதில், 1990-களில் எடுத்த எம்ஆர்ஐ சொன்னது. எடுக்கப்பட்டது 8 செ.மீ. அல்ல, ஏறக்குறைய 5 செ.மீ.தான். ஹிப்போகேம்பஸின் பின்பகுதி கொஞ்சம் மிச்சம் இருப்பதும் தெரிந்தது. ஆனால் அது சுருங்கிப்போய், உபயோகமில்லாத துண்டு போலத்தான் ஸ்கேனில் தெரிந்தது.

மூன்றாவது பதில் அவர் இறந்த பிறகு வந்தது. 2008 டிசம்பர் 2 அன்று, 82 வயதில் ஹென்றி காலமானார். அன்றிரவே பாஸ்டனில் அவருடைய மூளை எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது. ஓராண்டு கழித்து சான் டியாகோவில் ஜாகோபோ அனெஸ் தலைமையிலான குழு, உறைய வைத்த அந்த மூளையை 53 மணி நேரம் தொடர்ந்து சீவியது. ஒவ்வொன்றும் 70 மைக்ரான் தடிமன், அதாவது கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு. மொத்தம் 2,401 சீவல்கள். இணையத்தில் இது நேரலையாகவே ஒளிபரப்பானது.

2014-ல் வெளியான முடிவுகள் இரண்டு விஷயங்களைச் சொல்லின. ஒன்று, மிச்சமிருந்த ஹிப்போகேம்பஸ் நினைத்ததைவிட அதிகம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதில் செல்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருந்தன. இன்னொன்று, இடது பக்கம் கண்குழிக்கு மேலே, மூளையின் முன்பகுதியில் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு சிறிய காயம் இருந்தது.

ஹிப்போகேம்பஸ் பாக்கி இருந்தும் நினைவு ஏன் தங்கவில்லை? அதற்குத் தகவலைக் கொண்டுவரும் வாசலான என்டோரைனல் கார்டெக்ஸ் பெரும்பாலும் அகற்றப்பட்டிருந்தது. வீடு இருக்கிறது, போகும் வழி இல்லை என்பது போல. 'ஹிப்போகேம்பஸ் இல்லை, அதனால் ஞாபகம் இல்லை' என்று எளிமையாகச் சொல்லப்பட்டுவந்த கதை, சீவல்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று.

எம்ஆர்ஐ எதைப் பார்க்கிறது?

எம்ஆர்ஐ மெஷின் மூளை செல்களை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. அது பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரை. உடலில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப் புலத்தில் ஒழுங்காகும்; ரேடியோ அலை கொடுத்து அவற்றைக் கலைத்தால், பழைய நிலைக்குத் திரும்பும்போது சிக்னல் தரும். ஒவ்வொரு திசுவும் திரும்பும் வேகம் வேறு. அந்த வித்தியாசம்தான் ஸ்கேனில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

இதன் பெரிய பலம், உயிரோடு இருப்பவரின் மூளையை, கத்தி வைக்காமல், முழுதாகப் பார்க்கலாம். வருடா வருடம் திரும்பத் திரும்பவும் எடுக்கலாம். ஃபங்ஷனல் எம்ஆர்ஐ என்ற வகையில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுவதை வைத்து எந்தப் பகுதி இப்போது வேலை செய்கிறது என்றும் ஊகிக்கலாம்.

பலவீனம், அது காட்டும் புள்ளியின் அளவு. மருத்துவமனை ஸ்கேனில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 1 மி.மீ. நீள, அகல, உயரம் உள்ள ஒரு குட்டிப் பெட்டி. பிரான்சில் 11.7 டெஸ்லா காந்தம் கொண்ட 'இசூல்ட்' எம்ஆர்ஐ 2024-ல் மனித மூளைப் படங்களை வெளியிட்டது. வழக்கமான மெஷின்கள் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். அந்த ராட்சத மெஷினே எட்டிய நுணுக்கம் 0.2 மி.மீ., அதாவது 200 மைக்ரான். நரம்பு செல்லின் உடல் பல இடங்களில் 10, 20 மைக்ரான்தான்.

சரி, 1 மி.மீ. பெட்டிக்குள் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? 2024-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து இதற்குப் பதில் தந்தன. வலிப்பு நோய்க்கான ஆபரேஷனில் எடுக்கப்பட்ட ஒரு மூளைத் துண்டில் 1 கன மி.மீ. அளவை மட்டும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் முழுமையாகப் பதிவு செய்தார்கள். அதில் சுமார் 57,000 செல்கள், சுமார் 15 கோடி நரம்பிணைப்புகள் இருந்தன. அந்தத் துளியின் டேட்டா மட்டும் 1,400 டெராபைட். எம்ஆர்ஐ-யில் இது மொத்தமும் ஒரே ஒரு சாம்பல் நிறப் புள்ளி!

மைக்ரோஸ்கோப் போதுமே, ஸ்கேன் எதுக்கு?

மூளைத் திசுவைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். 1909-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்பினியன் பிராட்மன், செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் இடத்துக்கு இடம் மாறுவதைக் கவனித்து, மூளையின் மேற்பரப்பை எண் போட்டுப் பிரித்தார். அந்த எண்களை இன்றும் மூளை ஆய்வாளர்கள் முகவரி மாதிரி பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பிராட்மன் வரைந்தது காகிதத்தில் ஒரு தட்டையான படம். மூளை அப்படி இல்லை. கசக்கிய துணி போல மடிந்து கிடக்கிறது. மேற்பரப்பின் பெரும்பகுதி மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. மடிப்புகளும் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். 'பிராட்மன் 44' என்ற இடம் உங்கள் ஸ்கேனில் எந்த மில்லிமீட்டரில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சிம்பிளா சொன்னா, ஸ்கேன் என்பது விமானத்திலிருந்து இரவில் சென்னையைப் பார்ப்பது. மவுன்ட் ரோடு எங்கே, கடற்கரை எங்கே, எந்த ஏரியாவில் வெளிச்சம் அதிகம் என்று தெரியும். மைக்ரோஸ்கோப் என்பது ஒரு தெருவில் இறங்கி வீடு வீடாகப் பார்ப்பது. ஆனால் அந்தத் தெரு ஊரில் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்லிப் பயனில்லை. இரண்டையும் ஒரே மேப்பில் பொருத்தினால்தான் 'இந்த வெளிச்சம் இந்த வீட்டிலிருந்து வருகிறது' என்று சொல்ல முடியும்.

7,404 சீவல்களில் ஒரு மூளை

இந்தப் பொருத்தும் வேலையின் மைல்கல், 2013-ல் வெளியான 'பிக்பிரெய்ன்'. ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கத்ரின் ஆமுன்ட்ஸ், கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த ஆலன் எவன்ஸ் ஆகியோரின் குழுக்கள் இதைச் செய்தன. 65 வயதில் இறந்த ஒரு பெண்மணியின் மூளை 20 மைக்ரான் தடிமனில் 7,404 சீவல்களாக வெட்டப்பட்டது. அவற்றை டிஜிட்டலாகப் பதிவு செய்யவே சுமார் 1,000 மணி நேரம் ஆனது. பிறகு சூப்பர் கம்ப்யூட்டர் உதவியுடன் அத்தனையும் மறுபடி ஒரு முப்பரிமாண மூளையாக அடுக்கப்பட்டன.

1 மி.மீ. ஸ்கேன் புள்ளி ஒன்று இருக்கும் இடத்தில் பிக்பிரெய்னில் 1,25,000 புள்ளிகள் இருக்கும். முக்கியமான விஷயம், இந்த டேட்டா ஆய்வாளர்களுக்கு இலவசம்.

அடுக்குவதில் அப்படி என்ன கஷ்டம்? வேலை நடக்கும் வரிசையைப் பார்த்தால் புரியும்.

முதலில், மூளை கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலினில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறும். மென்மையான மூளை இதில் கெட்டிப்படும்.

அடுத்து, வெட்டுவதற்கு முன் முழு மூளையும் எம்ஆர்ஐ எடுக்கப்படும். இதுதான் 'வெட்டுவதற்கு முன் இப்படி இருந்தது' என்பதற்கான சாட்சி.

பிறகு மெழுகில் பதித்தோ, உறைய வைத்தோ மைக்ரோடோம் என்ற கருவியில் சீவுவார்கள். பல ஆய்வகங்களில் ஒவ்வொரு சீவலுக்கு முன்பும் வெட்டுமுகத்தை போட்டோ எடுத்து வைப்பார்கள்.

சீவல்களைக் கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் கொடுப்பார்கள். செல் உடல்களை மட்டும் காட்டும் சாயம் உண்டு; நரம்பு இழைகளைக் காட்டும் சாயம் உண்டு. சாயம் இல்லாவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது.

கடைசியாக, ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இங்கேதான் தலைவலி. 20 மைக்ரான் திசு என்பது நனைந்த டிஷ்யூ பேப்பரைவிட மெல்லியது. எடுத்து வைக்கும்போது சுருங்கும், மடங்கும், ஓரம் கிழியும். நொறுங்கிய அப்பளங்களை வரிசை மாறாமல் அடுக்கி, பழையபடி ஒரே கட்டாக்குவது மாதிரி. கம்ப்யூட்டர் ஒவ்வொரு சீவலையும் இழுத்து, திருப்பி, அடுத்த சீவலோடு பொருத்தும். ஆனால் அப்படிப் பொருத்திக்கொண்டே போனால், நேராக இருந்த மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிவிடும். அதைத் தடுப்பது முன்பே எடுத்து வைத்த எம்ஆர்ஐ. ஸ்கேன் உருவத்தைத் தருகிறது, ஸ்லைடு உள்விவரத்தைத் தருகிறது.

ஒரு மூளை போதாது என்பதும் தெரிந்த விஷயம்தான். அதனால் யூலிக் குழு 2020-ல் 23 மூளைகளின் சீவல்களை வைத்து இன்னொரு அட்லஸை வெளியிட்டது. அது 'இதுதான் எல்லை' என்று ஒரே கோடாக வரையாது. 'இந்த இடம் இந்தப் பகுதியாக இருக்க இவ்வளவு வாய்ப்பு' என்று சொல்லும். ஆளுக்கு ஆள் மாறும் உறுப்புக்கு அதுதான் நேர்மையான மேப்.

சென்னையில் உருவான 'தரணி'

இந்த வேலையில் சென்னைக்கும் இப்போது ஓர் இடம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்ற மூளை அட்லஸை வெளியிட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் இந்த மையத்தின் தலைவர். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நிதியுதவியுடன் உருவான மையம் இது.

'தரணி' காட்டுவது பெரியவர்களின் மூளையை அல்ல. கருவில் இரண்டாவது மும்மாதத்தில், அதாவது 14 முதல் 24 வாரங்களில் இருக்கும் மூளையை. மொத்தம் 5,132 சீவல்கள் செல் அளவு நுணுக்கத்தில் பதிவு செய்யப்பட்டு, எம்ஆர்ஐ உள்ளிட்ட படங்களோடு பொருத்தப்பட்டிருக்கின்றன. சுமார் 500 மூளைப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. 'ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி' இதழில் ஆய்வு வெளியானது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து, முழு மூளையிலிருந்து ஒரு செல் வரை ஜூம் செய்து பார்க்கலாம். மேற்கத்திய நாடுகளில் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இதை முடித்ததாக ஐஐடி தெரிவித்தது.

ஏன் இந்த வாரங்கள்? மூளை கட்டப்படும் மும்முரமான காலம் அது. உள்ளே, திரவம் நிறைந்த அறைகளை ஒட்டிப் பிறக்கும் நரம்பு செல்கள், அங்கிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்து தங்கள் இடத்தில் போய் அமர வேண்டும். வழியில் தங்கிவிட்டாலோ, தப்பான அடுக்கில் அமர்ந்துவிட்டாலோ பின்னால் வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு போன்றவை வரலாம். குழந்தை பிறந்த பிறகு பார்த்தால் விளைவு தெரியும். நகர்வு நடக்கும் காட்சி தெரியாது.

'ஐந்தாம் மாத ஸ்கேன்' எடுக்கப் போன எந்தத் தம்பதிக்கும் இதன் அருமை புரியும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அந்த ஸ்கேனில், குழந்தையின் மூளை சில சாம்பல் நிழல்களாகத்தான் தெரியும். 'இங்க கொஞ்சம் டவுட்டா இருக்கு' என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த ஸ்கேன் வரை அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த வாரத்தில் ஆரோக்கியமான மூளைக்குள் எந்தப் பகுதி எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பது செல் அளவில் தெரிந்தால், நிழலைப் படிப்பதும் எளிதாகும். 'தரணி' நாளைக்கே ஸ்கேன் சென்டருக்கு வந்துவிடாது. ஆனால் அங்கே வரப்போகும் கருவிகளும் சாஃப்ட்வேர்களும் ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஓர் ஆதாரம் தேவை.

சரி, நோயாளிக்கு இதனால் என்ன லாபம்?

மிகத் தெளிவான உதாரணம் அல்சைமர். இந்த நோயில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும். பல காலம் அதை உறுதியாகப் பார்க்க இறந்த பிறகு மைக்ரோஸ்கோப் மட்டுமே வழி. பிறகு, அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு பெட் ஸ்கேனில் ஒளிரும் ஒரு மருந்து உருவாக்கப்பட்டது. ஆனால் ஸ்கேனில் தெரியும் வெளிச்சம் உண்மையிலேயே அமிலாய்டுதான் என்று எப்படி நம்புவது?

வழி ஒன்றுதான். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்களிடம் சம்மதம் கேட்டார்கள். உயிரோடு இருக்கும்போது ஸ்கேன், இறந்த பிறகு மூளைப் பரிசோதனை. 2012-ல் வெளியான ஆய்வில் இப்படி 59 பேரின் ஸ்கேனும் ஸ்லைடும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. அதே ஆண்டு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இன்று ஒருவருக்கு உயிரோடு இருக்கும்போதே அமிலாய்டு இருக்கிறதா என்று பார்க்க முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

வலிப்பு நோயிலும் இதே கதை. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகள் முழுப் பலன் தருவதில்லை. அவர்களில் சிலருக்கு ஆபரேஷன் உதவும். ஆனால் எம்ஆர்ஐ 'நார்மல்' என்று வந்துவிட்டால் எதை எடுப்பது? சிலருக்கு மூளைப் புறணியில் செல்கள் ஒழுங்கு தவறி அடுக்கப்பட்ட ஒரு சிறு இடம் இருக்கும். ஸ்கேனில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆபரேஷனில் எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பழைய ஸ்கேனைத் திரும்பப் போய்ப் பார்க்கும்போது, 'அட, இந்த லேசான மங்கல்தானா அது?' என்று பிடிபடும். இப்படிச் சேரும் ஜோடிகளை வைத்துத்தான் அடுத்த நோயாளியின் ஸ்கேனில் அதே மங்கலைக் கண்டுபிடிக்க ஏஐ-க்கும் பயிற்சி தருகிறார்கள்.

இன்னும் ஸ்கேன் எட்டாத நோய்களும் உண்டு. குத்துச்சண்டை, அமெரிக்கன் ஃபுட்பால் போன்ற விளையாட்டுகளில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் 'சிடிஇ' பாதிப்பை இன்றும் இறந்த பிறகு திசுவைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடிகிறது.

எல்லைகளும் இருக்கு

ஸ்லைடில் இருப்பது இறந்த மூளை. அது எப்படி யோசித்தது, எதற்குப் பயந்தது என்று ஸ்லைடு சொல்லாது. ஃபார்மலினில் ஊறும்போது திசு சுருங்கும். அளவுகளைத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். மூளை தானம் செய்பவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால், இளம் வயது மூளைகளின் மேப் குறைவு. உலகின் முக்கிய அட்லஸ்கள் பல ஐரோப்பிய, வட அமெரிக்க மூளைகளிலிருந்து வந்தவை. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸின் மூளைத் திசு வங்கி போன்றவை தானமாகப் பெற்று ஆய்வுக்குத் தந்தாலும், கண் தானம் அளவுக்கு மூளை தானம் பற்றி இங்கே பேச்சு இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி சம்மதம். ஒரு மூளையை முழுதாகச் சீவி இணையத்தில் வைத்தால், யார் வேண்டுமானாலும், எத்தனை வருஷம் கழித்தும் பார்க்கலாம். அதற்கு யார், எப்படி அனுமதி கொடுப்பது?

ஹென்றி மொலைசன் விஷயத்தில் இந்தக் கேள்வி ரொம்பவே கூர்மையானது. மூளையைத் தானம் செய்யும் படிவத்தில் 1992-லேயே அவரும் அவருடைய சட்டப்பூர்வ பாதுகாவலரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் கையெழுத்திட்டதைச் சில நிமிடங்களில் மறந்துவிடும் ஒருவரின் சம்மதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. தன் மூளை இத்தனை பேருக்குப் பாடமாக இருப்பதை அவரிடம் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தியாகத்தான் இருந்திருக்கும்.